யாகப்பருக்கு வைத்த மீசை

போன வருடம் திராட்சை வெட்டும் வேலைக்குப் பிரான்சுக்குப் போயிருந்தேன். ஆறு வாரம், கூடாரத்தில் படுக்கை. விடிந்ததில் இருந்து குனிந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிரலாம். அதைவிட மோசமான வேலைகள் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தை நான் தேர்ந்ததற்கு ஒரே காரணம் ஊரின் பெயர். பத்து வயதில் அந்தப் பெயரை ஒரு போஸ்டரில் மூன்று தடவை பிழையாக எழுதி அழித்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கக் கிராமத்துக்கு நடந்தேன். கடை பூட்டியிருந்தது. எதிரே கத்தோலிக்கக் கோவில் திறந்திருந்தது. முன்பின் போகாத கோவில்தான். ஆனாலும் தீர்த்தத் தொட்டி இடப்பக்கம் இருக்கும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது படி மற்றப் படிகளைவிட உயரம் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. தெற்குச் சுவரில் கல்லால் அடைத்த ஒரு சின்னக் கதவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சுற்றிப் போனேன். இருந்தது. ஒரு ஆள் குனிந்துதான் நுழையலாம்.

ஏனென்றால் இந்தக் கோவிலின் நகலுக்குப் பின்னால்தான் நான் வளர்ந்தேன். அது சிட்னியின் மேற்கு விளிம்பில், பரமட்டாவில் இருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகவேண்டிய ஒரு மேட்டில் இருந்தது. சுற்றிவரக் கீரைத் தோட்டங்களும் குதிரை லாயங்களும். அந்தக் காலத்தில் இந்தப் பிரெஞ்சுக் கிராமத்தில் இருந்து போன ஒரு சுவாமியார் அங்கே பங்குக் குருவாக இருந்தாராம். தன் ஊர்க் கோவிலை நினைவில் இருந்து வரைந்து கொடுத்து, அதைப்போலவே கட்டுவித்தாராம். ஊரில் மண் இறங்கிக் கோபுரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவர் சாய்வையும் சேர்த்து வரைந்துவிட்டார். கொத்தனார் படத்தில் உள்ளபடி சாய்த்தே கட்டினார். அடைத்த கதவையும் விடவில்லை. ஊரில் அது எப்போதோ திறந்திருந்து, பிறகு அடைத்த கதவு. எங்கள் கோவிலில் அது கட்டும்போதே அடைத்துக் கட்டிய கதவு.

இதெல்லாம் கமிட்டி அன்ரி சொன்னது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளைக்காரி, கோவிலின் பழைமையைப் பாதுகாக்கும் கமிட்டியில் பெரிய ஆள். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் வராது. அம்மாதான் கமிட்டி அன்ரி என்று வைத்தாள். அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து கோவிலின் கதையைச் சொல்லி, எங்களைப் போஸ்டர் செய்ய வைத்தார். நான் கோபுரத்தைச் சாய்த்து வரைந்தேன். கீழே கோவிலின் புனிதர் யாகப்பரை வரைந்து, அன்ரி சொன்ன வசனத்தைச் சிவப்பில் எழுதினேன்: கோவிலைவிடப் பழைய சுரூபம், கப்பலில் வந்தது, துணியால்கூடத் துடைக்கக் கூடாது. என் போஸ்டருக்கு முதற்பரிசு கிடைத்தது. வீட்டில் அதைக் காட்டினேன். அப்பா கோபுரத்தைப் பார்த்து, "நேரா ஒரு கோடு கீறத் தெரியேல்லை, இதுக்கு ஒரு பரிசு" என்றார். சிவப்பு வசனத்தை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை.

கோவிலுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அப்பா கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. விடியப் போய்ப் பின்னேரம் வந்து, கோவில் புல்லை வெட்டுவார். அம்மா கோவிலைக் கூட்டித் துடைப்பாள். அதற்காகத்தான் அந்த வீடு. நாலாவது ஆள் சித்தப்பா, அப்பாவின் தம்பி. நாங்கள் விமானத்தில் வந்தவர்கள், அவர் படகில் வந்தவர். அவருடைய விசா விண்ணப்பத்துக்கு முதல் முடிவு இல்லை என்று வந்து, மேல்முறையீட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக எதைக் கேட்டாலும் அவருக்குக் கிடைத்த பதில்கள் இரண்டுதான். ஒன்று இல்லை, மற்றது பொறு.

அந்தப் பதில்களை அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பவள் நான். எங்கள் வீட்டின் ஆங்கிலம் முழுவதும் என் வாயில்தான் இருந்தது. மருந்துக் கடையில், பஸ்ஸில், சட்டத்தரணியின் ரெலிஃபோனில் எல்லா இடத்திலும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். மற்றவர்கள் சொல்லும் நீளமான இல்லைகளை நான் சின்னதாக்கித் தமிழில் சொல்லுவேன். பெரியவர்களின் முகம் சுருங்குவதை முதலில் பார்ப்பவளும் நானே. பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம். உண்மையில் எனக்கு ஓரிடத்தில் இருக்கப் பொறுமை இல்லை.

அந்த ஆடி மாதம் பரமட்டாவில் இருந்த சட்டத்தரணி ஒரு கடிதம் கேட்டிருந்தார். இந்த மனிதன் நம்பத் தகுந்தவன் என்று பங்குச் சுவாமியார் தன் கைப்பட எழுதித் தர வேண்டும்; திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். சுவாமியார் உயரமான, மெலிந்த கிழவர். அவருக்கு அப்போதுதான் கண்ணில் ஒப்பரேஷன் நடந்திருந்தது. கார் ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால், காரின் திறப்பை, சாவிக்கொத்தோடு, சித்தப்பாவிடமே கொடுத்துவைத்திருந்தார். எங்கே போவதானாலும் சித்தப்பாதான் ஓட்டுவார். இருவரும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமல், சிரித்துக்கொண்டே போய்வருவார்கள். திருநாள் முடியட்டும், கடிதம் எழுதித் தருகிறேன் என்று சுவாமியார் என் மூலம் சொல்லியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்துக்கென்றே ஒன்பது நாள் செபம் சொல்லி நவநாள் பிடிக்கத் தொடங்கினாள்.

நவநாள் யாகப்பருக்குத்தான். கோவில் அவர் பெயரில் இருந்தது. முதல் தடவை அவரைப் பார்த்தபோது எங்கள் ஆட்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர் வெள்ளைக் குதிரையில், கையில் வாளோடு வருவார். இங்கே அகலத் தொப்பி, ஒரு பொல்லு, பொல்லில் கட்டிய சுரைக்குடுக்கை, தொப்பியில் ஒரு சிப்பி. நடந்து களைத்த ஆள்.

"குதிரை எங்கை?" என்றார் அப்பா.

"படகில ஏத்தியிருக்க மாட்டாங்கள். எனக்கே இடம் காணாமல் இருந்தது" என்றார் சித்தப்பா.

குதிரை இல்லாததைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். அவர் இருந்த கோலத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பூச்செல்லாம் போய் மரம் சாம்பலாகத் தெரிந்தது. கன்னத்தில் வெடிப்பு, அங்கியில் பூச்சி அரித்த துளைகள். எங்கள் கரையோரக் கோவில்களில் கொடியேறும் முன்னமே சுரூபத்துக்குப் புதுப் பூச்சு வந்துவிடும். அது படகுக்கும் வீட்டுக்கும் அடிப்பதுபோல ஒரு வழமை. அடிக்காமல் விட்டால், அந்த வருடம் ஊர் வாழவில்லை என்று அர்த்தம்.

"இந்தச் சனத்துக்குக் கண் இல்லையோ? இப்பிடி நிக்கிற மனுசனிட்டையே நாங்கள் கடிதம் கேட்கிறது? அவரே விசா இல்லாத ஆள் மாதிரியெல்லோ நிக்கிறார்" என்றாள் அம்மா.

சித்தப்பா ஊரில் படகுகளுக்குப் பெயின்ற் அடித்தவர். எங்கள் கொட்டிலில் நீலமும் சிவப்பும் கறுப்புமாக மூன்று பேணி பெயின்ற் இருந்தன. எங்கோ வேலி வேலையில் மிஞ்சியவை. திருநாளுக்கு முந்திய வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, மூன்று பேணியும் குசினிப் படியில் மூடி திறந்து இருந்தன. சித்தப்பா கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"கேளாமல் தொடக் கூடாது. ஃபாதரிட்டை ஒருக்கால் கேட்டிட்டு வா" என்றார் அப்பா.

"ஓம், கேட்கத்தான் வேணும். பிள்ளை, ஓடிப் போய்க் கேட்டுக்கொண்டு வா. யாகப்பருக்குப் பெயின்ற் அடிக்கட்டோ எண்டு கேள்" என்றார் சித்தப்பா.

இல்லை, அதைத் தொடவே கூடாது என்று நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். அதை அறிந்த ஒரே ஆள் நான்தான். ஆனால் அந்த நாள்களில் எனக்கு என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. யாரோ சொல்வதை யாருக்கோ கொண்டுபோவதே என் வேலை. சுவாமியார் இல்லை என்று சொல்லுவார், அதை இவர்களிடம் சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சுவாமியார் வீட்டு மணியை அடித்தேன். திறக்கவில்லை. இன்னொருமுறை அடித்தேன். கண் ஒப்பரேஷன் செய்தவர் படுத்திருப்பார், எழுப்பினால் ஏச்சு விழும் என்று பயம் வந்தது. மூன்றாவது தடவை அடிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் தெற்குச் சுவரின் அடைத்த கதவு வளைவுக்குள் மழைக்கு ஒதுங்கி நின்றேன். அங்கிருந்து எங்கள் குசினிப் படி தெரிந்தது. சித்தப்பா தூரிகையைக் கையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய், அவர் கதவு திறக்கவில்லை என்று சொன்னால் பிறகு வா என்பார்கள். பிறகும் போகவேண்டும். பிறகு இல்லை என்ற சொல்லைக் கொண்டுவரவேண்டும். சித்தப்பாவின் முகம் சுருங்குவதை அந்தக் கிழமை இரண்டு தடவை பார்த்திருந்தேன்.

"என்ன சொன்னவர்?"

"ஓம் எண்டவர்."

"வேறை?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "வடிவாச் செய்யட்டாம்" என்றேன்.

சித்தப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "வடிவாச் செய்யச் சொன்னவரோ? அப்ப வடிவாத்தான் செய்யவேணும்."

அப்பா ஏணியைப் பிடித்தார். அம்மா கீழே நின்று நிறம் சொன்னாள். அங்கிக்கு நீலம், மேல்போர்வைக்குச் சிவப்பு, தொப்பிக்குக் கறுப்பு. முகத்துக்குச் சிவப்போடு எங்கோ கிடந்த வெள்ளைச் சுண்ணாம்பைக் கலந்தார்கள். கன்னத்து வெடிப்பு அடைபட்டது. சித்தப்பா நுனித் தூரிகையை எடுத்து, மூச்சை அடக்கி, மேலுதட்டில் இரண்டு பக்கமும் இரண்டு வீச்சில் ஒரு மீசை வைத்தார்.

"இது ஆரைப்போல இருக்கு?" என்றார் அப்பா.

"ஆரைப்போல?"

"உன்னைப்போலத்தான் இருக்கு, விசரா."

மூன்று வருடத்தில் அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. யாகப்பர் உண்மையிலேயே வடிவாக இருந்தார். ஆறு மணிக்கு முதல் ஒரு அலுவல் இருக்கிறது என்று சித்தப்பா கடைசியில் அவசரப்பட்டார். ஈரம் காயும்வரை தூசி படக் கூடாது, திருநாளன்றுதான் திரை விலக்க வேண்டும் என்று அம்மா தன் பச்சைச் சேலையைக் கொண்டுவந்து பெயின்ற்றில் படாமல் யாகப்பரைச் சுற்றித் திரைபோலக் கட்டினாள்.

மறுநாள் காலை கமிட்டி அன்ரி எங்கள் வகுப்புக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். கோவிலைக் கட்டுவித்த அந்தப் பழைய சுவாமியாரின் சொந்தக் கிராமத்தில் இருந்து நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைத் திருநாளுக்கு வருகிறார்கள். தங்கள் கோவிலின் நகலைப் பார்க்கவும், தங்கள் ஊரில் இருந்து போன சுரூபத்தைப் பார்க்கவும் இவ்வளவு தூரம் வருகிறார்கள். சுரூபத்துக்குப் பக்கத்தில் முதற்பரிசு பெற்ற போஸ்டர் தொங்கும். எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள்.

 அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவிடம், அந்தப் பெயின்ற்றைக் கழற்றலாமா என்று கேட்டேன். "நான் அடிச்ச பெயின்ற் கடல்லயே கழலாது, பிள்ளை" என்றார் பெருமையாக. நான் கோவிலுக்குள் போய்ச் சேலையின் கரையைத் தூக்கி, யாகப்பரின் காலில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். குளிருக்குப் பெயின்ற் இன்னும் காயவில்லை. என் நகத்துக்குள் நீலம் புகுந்தது, அவ்வளவுதான். அன்று பின்னேரப் பூசைக்கு வந்த சுவாமியார், ஒரு கண்ணில் மறைப்போடு, மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தார். வேலிக்குப் பெயின்ற் அடித்தீர்களா என்று என்னிடம் கேட்டார். நான் நகத்தை மறைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

இரண்டு நாள் எனக்கு ஒரே கணக்குத்தான். சேலை விலகும். அன்ரி கேட்பார். சுவாமியார், நான் சொல்லவில்லை என்பார். கடிதம் இல்லாமல் போகும். சித்தப்பாவை அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் அங்கே என்ன நடக்கும் என்று பெரியவர்கள் என் முன்னால் பேசமாட்டார்கள். பேசாமல் நிறுத்தும் இடங்களை வைத்து எனக்குத் தெரிந்திருந்தது.

சேலை சனிக்கிழமை காலையிலேயே விலகிவிட்டது. கமிட்டி அன்ரி பூ வைக்க வந்தவர், இந்தப் பச்சைத் துணி என்ன என்று இழுத்தார். அவர் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முன்வரிசை வாங்கில் போய் இருந்தார். அவர் அழுவதைப் பார்த்து, அம்மா அது பக்தியின் அழுகை என்று நினைத்தாள். "பார், எவ்வளவு சந்தோசம் அவவுக்கு" என்று என் காதில் சொன்னாள்.

சுவாமியாரைக் கூட்டிவந்தார்கள். அவர் யாகப்பருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, நல்ல கண்ணால் மேலிருந்து கீழே பார்த்தார். மீசையில் அதிக நேரம் நின்றார். அன்ரி ஏதேதோ சொன்னார். அதில் பொலிஸ் என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. 

சுவாமியார் என் பக்கம் திரும்பினார். இதைச் செய்யலாம் என்று யார் அனுமதி கொடுத்தது என்று உன் சித்தப்பாவிடம் கேள் என்றார்.

நான் வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகளை மொழிபெயர்த்திருக்கிறேன். அதைப்போல ஒன்று இல்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழையாகக் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு அப்படியே கேட்டேன். "ஆர் ஓம் எண்டு சொன்னது எண்டு ஃபாதர் கேட்கிறார்."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஏதோ விளங்கத் தொடங்கியது. வாயைத் திறக்கப் போனாள்.

சித்தப்பா முந்திக்கொண்டார். "நான் ஒருத்தரிட்டையும் கேட்கேல்லை எண்டு சொல்லு. என்ரை எண்ணத்துக்குத்தான் அடிச்சனான் எண்டு சொல்லு."

நான் சொல்லவில்லை.

"சொல்லு, பிள்ளை. உன்ரை வேலை சொல்லுறது. சொல்லு."

சொன்னேன். என் ஆங்கிலம் அன்று மிகவும் சுத்தமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எதையும் மாற்ற முடியவில்லை. பழைய சுரூபங்களைத் திருத்துபவர் திங்கட்கிழமைதான் வருவாராம். அதுவரை ஒருவரும் தொடக் கூடாது. என் போஸ்டரை அன்ரி சொன்னபடியே தொங்கவிட்டிருந்தார்கள். துணியால்கூடத் துடைக்கக் கூடாது என்ற சிவப்பு வசனம், அதைவிடச் சிவப்பான போர்வைக்குப் பக்கத்தில் மங்கித் தெரிந்தது.

வந்த நாலு பேரில் மூத்தவர் ஊரின் பழைய பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய மகளுக்கு ஆங்கிலம் தெரிந்தது. அன்ரி அவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டிருந்தார் என்று அவர்களின் முகத்தில் தெரிந்தது. வாத்தியார் சுரூபத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு மீசையை யார் வைத்தது என்று கேட்டார். கேள்வி பிரெஞ்சில் புறப்பட்டு, மகளிடம் ஆங்கிலமாகி, என்னிடம் தமிழாகிச் சித்தப்பாவிடம் போனது. சித்தப்பா வகுப்பில் கை தூக்குவதுபோலத் தூக்கினார்.

ஏன் என்று வாத்தியார் கேட்டார்.

"எங்கடை ஊரில திருநாளுக்குப் பழைய உடுப்போட ஒருத்தரும் நிக்கிறேல்லை எண்டு சொல்லு."

அது திரும்பிப் போய்ச் சேர்ந்ததும் வாத்தியார் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய தகப்பன் வீட்டு ஜன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைத்தான் அவர்கள் கோவில் மாதாவுக்கு அடிப்பாராம். பிறகு அரசாங்கத்து ஆட்கள் வந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, மாதாவைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவர் யாகப்பரின் பாதத்தைத் தொட்டார். விரலில் நீலம் ஒட்டியது. அதை அவர் துடைக்கவில்லை. கமிட்டி அன்ரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கோவிலில் அவரைப்போல அந்தச் சுரூபத்தைக் காத்தவர் யாரும் இல்லை.

திங்கட்கிழமை யாகப்பரைக் கம்பளியில் சுற்றி எடுத்துப் போனார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு வெறும் மரமாகத் திரும்பி வந்தார். மேலுதட்டில் மட்டும், மரத்தின் நரம்புக்குள் இறங்கிய கறுப்பு போகவில்லை.

அன்று பின்னேரம் சுவாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கண் சரியில்லாததால் கடிதத்தைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். சித்தப்பாவுக்கு வாசித்துச் சொல் என்று என்னிடம் தந்தார். நான் குசினிக் கதிரையில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினேன். இவர் கேளாமல் ஒரு வேலை செய்தார், அது பிழை. ஆனால் கேட்டபோது, வேறு ஒருவர்மேல் போட்டுத் தப்ப வழி இருந்தும், உண்மையைச் சொன்னார். இவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அந்த வரிக்குப் பிறகு கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"என்னடி, எழுத்து விளங்கேல்லையோ?" என்றார் சித்தப்பா.

"விளங்குது" என்றேன். வாசித்து முடித்தேன். அம்மா எனக்குப் பின்னால் நின்று என் தலையில் கையை வைத்தாள். அன்றும் பிறகும் அவள் ஒரு சொல் கேட்கவில்லை.

கடிதம் செவ்வாய்க்கிழமை பரமட்டாவுக்குப் போனது. அதனால்தானோ வேறு எதனாலோ, இன்னும் இரண்டு வருடம் கழித்துச் சித்தப்பாவுக்கு விசா கிடைத்தது. இப்போது மெல்பேர்னில், கிரெய்கிபர்னில் வீடு. வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறார். இரண்டு பிள்ளைகள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரியத் தொடங்கியபோது எல்லாரும் ஏசினார்கள். அவர் மட்டும், போற இடத்தில் இருந்து ரெலிஃபோன் எடு என்றார். எடுப்பேன். ஆனால் அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. என் பொய்யை நம்பி ஒரு மனிதன் ஏணியில் ஏறினான், என் பொய்க்காகத் தானும் ஒரு பொய் சொன்னான், அதற்கு உண்மையானவன் என்று கடிதம் வாங்கினான். இதை எந்த இடத்தில் இருந்து பேசத் தொடங்குவது?

பிரெஞ்சுக் கோவிலின் படியில், உயரமான அந்த மூன்றாவது படியில் இருந்து அவருக்கு ரெலிஃபோன் எடுத்தேன். மெல்பேர்னில் அப்போது பின்னேரம். பின்னணியில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டது. எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன். அடைத்த கதவு இங்கேயும் இருக்கிறது என்றேன். பிறகு, நிறுத்தினால் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால், ஒரே மூச்சில் சொன்னேன்.

"சித்தப்பா, அண்டைக்கு ஃபாதர் ஓம் எண்டு சொல்லேல்லை. அவர் கதவே திறக்கேல்லை."

"எப்பிடியடி திறப்பார்?" என்றார் சித்தப்பா. "கண் காட்டவேணும் எண்டு அவரைக் காலமை ஸ்டேஷனில இறக்கினது நான். பின்னேரம் ஆறு மணிக்குப் போய் ஏத்தினதும் நான்தானே."

பொரியும் சத்தம் நின்றது; அடுப்பை அணைத்துவிட்டார்.

"தெரிஞ்சுகொண்டோ என்னை அனுப்பினீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

 அங்கே குளிரா, சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, பக்கத்தில் யாரும் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தணித்தார். "அந்த நேரம் ஒருத்தரும் எனக்கு ஓம் எண்டதில்லை, பிள்ளை. உன்னை அனுப்பினா நீ ஓம் எண்டுதான் கொண்டு வருவாய் எண்டு தெரியும். ஒருக்கால் கேட்கவேணும்போல இருந்தது." சிரித்தார். "வடிவாச் செய்யவும் சொன்னனீயெல்லோ."

ரெலிஃபோனை வைத்த பிறகும் படியிலேயே இருந்தேன். குசினிப் படியும், மூடி திறந்த மூன்று பேணிகளும், தூறலும் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. சித்தப்பாவின் விரலில் திறப்பு சுழன்றுகொண்டிருந்தது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். அது யாருடைய காரின் திறப்பு என்று அந்தப் பிள்ளை நினைத்துப் பார்க்கவில்லை.